ஒரு கிலோ கோதுமைத் தவிடு

வேணுகாவைத் தில்லைநாயகிக்கு விற்றபோது வேணுகாவுக்கு வயது முப்பத்தொரு நாள். விலை ஒரு கிலோ தவிடு. அதுவும் நெல்லுத் தவிடு இல்லை. சுவிஸ் நாட்டு ஓல்டன் நகரத்தில் நெல்லுத் தவிட்டுக்கு எங்கே போவது? மலச்சிக்கல்காரர் காலையில் தயிரில் கலந்து விழுங்குகிற கோதுமைத் தவிடுதான் கடையில் இருந்தது. ஒரு பையில் அரைக் கிலோ என்றபடியால் தில்லைநாயகியின் கணவர் நித்தியானந்தன் இரண்டு பை வாங்கிவந்தார்.

விற்றதற்குக் காரணம் இருந்தது. வேணுகாவின் தாய் பிரசாந்தினிக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. மற்றது பிறந்து நான்கு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து போனது. மூன்றாவதாக வேணுகா பிறந்து, வீரிட்டு அழுது, பால் குடித்து, வீட்டுக்கு வந்த பிறகும் பிரசாந்தினி கண்ணை மூடவில்லை. பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை தங்காத வீட்டில் செய்வதையே செய்துவிடு, தவிட்டுக்கு விற்றுவிடு என்று ஊரிலிருந்து அவளுடைய தாய் தொலைபேசியில் சொன்னார். பிள்ளை இன்னொருத்தியுடையது என்று ஆகிவிட்டால், அதைக் கொண்டுபோக வருகிற கேடு வாசலில் நின்று குழம்பித் திரும்பிப் போய்விடுமாம். மற்றப்படி எல்லாம் பெயரளவுக்குத்தான். பிள்ளை பெற்றவர்களோடேயே வளரும். கலியாணத்துக்கு முன் அதே அளவு தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

வழக்கமாக நாலைந்து பெற்ற கைராசிக்காரி ஒருத்திக்குத்தான் விற்பார்கள். தில்லைநாயகிக்குப் பிள்ளையே இல்லை. கோயிலில் இரண்டொரு வாய்கள் இதைப் பற்றி முணுமுணுத்தன. பிரசாந்தினி அசையவில்லை.

"அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரியிலை என்னோடை இருந்தது தில்லை அன்ரி. அவவுக்குத்தான் குடுப்பன்," என்றாள்.

இந்த வார்த்தையைத் தில்லைநாயகி இன்றுவரை யாருக்கும் திருப்பிச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் முடிக்க வராது என்று அவளுக்குத் தெரியும்.

இதுவரைக்கும் சரி. இனி வருவது நித்தியானந்தன் செய்த வேலை. மனிதர் எண்பத்தாறில் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, ஓல்டனில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தைந்து வருஷம் பெட்டி அடுக்கி, ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் அவர் படித்த பாடம் ஒன்றே ஒன்று: கையெழுத்து வைத்த காகிதம் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை. அந்த மாதம்தான் தன் பழைய காரை விற்றிருந்தார். அதற்கு இணையத்திலிருந்து எடுத்த விற்பனை ஒப்பந்தப் படிவம் இரண்டு மிச்சம் கிடந்தது. தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குகிற சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே, மேசையின் ஒரு மூலையில் குந்தி, அதில் ஒன்றை ஜெர்மன் மொழியில் நிரப்பினார். விற்பவர்: விஜிதரன், பிரசாந்தினி. வாங்குபவர்: தில்லைநாயகி. வாகனத்தின் வகை என்ற இடத்தில் வாகனத்தை வெட்டிவிட்டு 'பெண்' என்று எழுதினார். முதல் பதிவுத் தேதி: பிறந்த தேதி. ஓடிய தூரம்: பூஜ்யம் கிலோமீட்டர். விலை: தவிடு, ஒரு கிலோ. கீழே ஏற்கெனவே அச்சடித்திருந்தது: பார்த்தபடி வாங்கப்பட்டது, திருப்பி எடுக்கப்பட மாட்டாது.

அதை அவர் உரக்க வாசித்தபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பிரசாந்தினி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் நோகுது அங்கிள் என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தாள். பிறகு எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அன்றிரவு அவள் ஆறு மணித்தியாலம் தூங்கினாளாம். அந்தக் காகிதம் பிளாஸ்டிக் உறைக்குள் போய்ப் பிள்ளையின் படத் தொகுப்பில் குடியேறியது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடிவிட்டது. வேணுகா தங்கினாள், வளர்ந்தாள், பல் விழுத்தினாள். தில்லைநாயகியைத் 'தவிட்டம்மா' என்று கூப்பிட்டாள். அறுபது வயதில், முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிற ஒரு பெண்ணுக்கு, அந்தச் சொல்லின் பின்பாதி எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. புதன்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. பெற்றவர்கள் இருவருக்கும் வேலை. தில்லைநாயகி மேற்பார்வையாளரோடு மல்லுக்கட்டி, தன் ஓய்வுநாளைப் புதனுக்கு மாற்றிக்கொண்டாள். புதன் வந்தால் முட்டைப் பொரியல், பருப்பு, சோறு. பிறகு நித்தியானந்தனோடு நிலையத்துக்குப் போய் ரயில் பார்ப்பது. வீடு திரும்பிப் பார்த்த ரயில்களைப் படமாகக் கீறுவது. மற்ற ஆறு நாளும் தில்லைநாயகி புதனுக்காகக் காத்திருந்தாள் என்றே சொல்லிவிடலாம்.

பிள்ளையின் ஒழுங்கைப் பற்றியும் அவளுக்குப் பெருமை உண்டு. வேணுகா வந்தால் வாசலுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் ஒட்டிவைத்து, முனை படிக்கட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். ஒரு விரல்கூடப் பிசகாது. இந்த நாட்டுப் பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளைதான், எங்கடையள் எண்டால் ஒண்டு இஞ்சை ஒண்டு அங்கை என்று சலவைப் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

பின்னேரம் ஆறு மணிக்குப் பிரசாந்தினி வந்து மணியை அடிப்பாள். அப்போது ஒரு விளையாட்டு நடக்கும். தில்லைநாயகி கதவைப் பாதி திறந்து, நான் தவிடு குடுத்து வாங்கின பிள்ளை, விடமாட்டன், போய் வேறை பிள்ளை பாரும் என்பாள். பிரசாந்தினி, வைச்சிருங்கோ அன்ரி, வீட்டிலை ஒரே குழப்படி, எனக்கும் வேண்டாம் என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வேணுகா புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆயத்தமாக நடுவில் நிற்பாள். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து, கிழமைக்கு ஒருதரம், இந்த நாடகம் பிசகாமல் நடந்தது.

கார்த்திகை மாதம், ஓல்டன் முழுக்க மூடுபனி. வேணுகாவின் வகுப்பில், குழந்தையாக இருந்தபோதைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். ஒருவன் முதல் சப்பாத்தைக் கொண்டுவந்தான். ஒருத்தி விழுந்த பல்லைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். வேணுகா, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், பிளாஸ்டிக் உறையோடு தன் விற்பனை ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் வகுப்பின் முன்னால் நின்று தெளிவாக வாசித்தாள். ஜெர்மன் வாசிப்பில் அவள் கெட்டிக்காரி.

அந்த இளம் ஆசிரியையைக் குறை சொல்லாதீர்கள். நாலு கையெழுத்தோடு ஒரு பிள்ளையை விற்ற காகிதத்தைக் கண்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? விரும்பினால் அறிவிக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற தெரிவும் அவருக்கு இல்லை. பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்காரர் அறிவித்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம். அவர் அறிவித்தார். பத்து நாளில் 'கெஸ்ப்'பிலிருந்து கடிதம் வந்தது. கெஸ்ப் என்றால் பிள்ளைகளையும் தம்மைத் தாம் பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்களையும் பாதுகாக்கிற அரச அலுவலகம். அந்தப் பெயரைக் கேட்டாலே நம்மவர்களில் பாதிப் பேருக்குக் கால் நடுங்கும்.

பிரசாந்தினி தொலைபேசியில் அழுதாள். வேணுகாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பார்களாம். பிறகு பெரியவர்களைக் கூப்பிடுவார்களாம். அதுவரைக்கும் பிள்ளையை அங்கே அனுப்பாமல் இருப்பதுதான் நல்லது என்று தகப்பன் விஜிதரன் நினைக்கிறாராம். இதைச் சொல்லும்போது பிரசாந்தினியின் குரல் தேய்ந்துபோனது. தில்லைநாயகி, அதுதான் சரி பிள்ளை என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த புதன்கிழமை முட்டை பொரிக்கவில்லை. இருவரும் கடைப் பாணை வெட்டி வெண்ணெய் பூசித் தின்றார்கள்.

கோயிலில் செய்தி பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. எதற்கும் ஆலோசனை சொல்கிற சச்சிதானந்தன் அவளைத் தூணோரமாகக் கூட்டிக்கொண்டு போய், தன்னிடம் வழி இருக்கிறது என்றார். அந்தக் காகிதத்தை யாரும் எழுதவில்லை, பிள்ளை விளையாட்டுக்குத் தானே எழுதியது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிவிட வேண்டியதுதானாம். எட்டு வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கி நாங்கள் தப்புறதோ என்று தில்லைநாயகி கேட்டாள். சச்சிதானந்தன் தோளைக் குலுக்கினார். அவள் அன்று பிரசாதம் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் நித்தியானந்தன் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் தன் கையெழுத்தால் வந்த வினை என்பது அவருக்கு உறைத்திருந்தது. நாட்டின் குடியியல் சட்டத்தில் பிள்ளைப் பாதுகாப்புப் பகுதியை அச்செடுத்து, அகராதியும் பென்சிலுமாக மூன்று நாள் போராடியவர், கடைசியில் எரிச்சல்பட்டார். அவர் ஒரு பட்டியலை எதிர்பார்த்திருந்தார். அடித்தால் குற்றம், பட்டினி போட்டால் குற்றம், விற்றால் குற்றம் என்று பெட்டி பெட்டியாக இருக்கும், தங்கள் பெட்டியைத் தேடிப் பிடித்து அதற்குப் பதில் எழுதலாம் என்று நினைத்திருந்தார். சட்டத்தில் அப்படி ஒன்றுமில்லை. பிள்ளையின் நலம் ஆபத்தில் இருந்து, பெற்றவர்கள் தாங்களாக அதைச் சீர்செய்யாவிட்டால், அல்லது சீர்செய்ய இயலாதவர்களாக இருந்தால், அலுவலகம் தகுந்ததைச் செய்யும். அவ்வளவுதான். ஆர் பிழை செய்தது எண்டே கேட்கேல்லை, இது என்ன சட்டம் என்று முணுமுணுத்தார்.

ஆனால் கூடவே ஒரு விளக்கக் கையேடும் அகப்பட்டிருந்தது. நலம் என்றால் என்ன, ஆபத்து என்றால் என்ன என்று அதில் வரி வரியாகப் போட்டிருந்தது. நித்தியானந்தனுக்கு உயிர் வந்தது. காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகுமுன் விளக்கையும் பிரேக்கையும் தானே பார்த்துக்கொள்கிற மாதிரி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். உடம்பில் காயம் படுத்துதல். இல்லை. உணவு, உறக்கம், மருத்துவம் கவனியாமல் விடுதல். வேணுகாவுக்குத் தில்லைநாயகி ஊட்டியதை நினைத்து இருவருமே சிரித்தார்கள். இல்லை. பிள்ளையை இழிவாகப் பேசுதல். இல்லை. தனியே விடுதல். இல்லை. பெற்றவர்களை இழந்துவிடுவோம், வீட்டுக்குப் போகமுடியாமற் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளையை வைத்திருத்தல்.

தில்லைநாயகி பென்சிலின் மேல் கையை வைத்தாள்.

"இல்லை எண்டு போடட்டோ?" என்றார் அவர்.

"பொறுங்கோ."

போன வருஷம் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. பனி கொட்டி ரயில்கள் தாமதித்து, பிரசாந்தினி வர ஏழேகால் ஆகிவிட்டது. வேணுகா ஆறு மணிக்கே பையை மாட்டிவிட்டாள். வீட்டுக்குள் நல்ல சூடு. அப்படியிருந்தும் தடித்த மேலங்கியைக் கழற்றாமல், கதவோரத்துச் சின்ன வாங்குப் பலகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள். பிஸ்கட் வேண்டாம் என்றாள். அம்மா வருவாவோ என்று ஒரேயொருதரம் கேட்டாள். தில்லைநாயகி, வழமையான விளையாட்டில், வராட்டில் என்ன, நீ என்ரை பிள்ளைதானே, எழுதிக் கையெழுத்தும் வைச்சாச்சு என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. அங்கியின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டது. மறுநாள் இதையும் அவள் சலவைப் பகுதியில் ஒரு வேடிக்கையாகச் சொன்னாள்.

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பிள்ளை தன்னை விட்டுப் போகக்கூடாது என்று வாரம் ஒருதரம் ஆசையாகச் சொன்னதை, பிள்ளை வாரம் ஒருதரம் பயந்து கேட்டிருக்கிறது. அவள் பொல்லாத பெண் இல்லை. அன்பு கூடிப்போய்ச் செய்த பிழைதான். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

கணவரிடம் சொன்னாள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உதை நீராப் போய்ச் சொல்லத் தேவையில்லை, தில்லை. கேட்டால் மட்டும் சொல்லும்," என்றார். "சொன்னால் புதன்கிழமை போயிடும்."

"தெரியும்," என்றாள் அவள்.

கெஸ்ப்பில் பெரியவர்களைக் கூப்பிட்ட கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. மேசை, ஆறு கதிரை, மூலையில் பிள்ளைகளுக்கான மரப்பொம்மைகள். ஃப்ராவ் கெர்பர் என்ற அதிகாரி ஐம்பது வயதுப் பெண், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துவிட்டு மேசை முழுக்கத் தேடுகிறவர். மொழிபெயர்க்க ஸ்ரீலேகா என்றொரு தமிழ்நாட்டுப் பெண் வந்திருந்தாள். ஒரு பக்கம் பிரசாந்தினியும் விஜிதரனும், மறுபக்கம் தில்லைநாயகியும் நித்தியானந்தனும். நித்தியானந்தன் கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டு அணிந்திருந்தார்.

ஃப்ராவ் கெர்பர் காகிதத்தின் நகலை எடுத்து வரி வரியாகக் கேட்டார். ஓடிய தூரம் பூஜ்யம் கிலோமீட்டர் என்பதற்கு வந்தபோது ஸ்ரீலேகா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று அவளையும் சின்ன வயதில் வீட்டில் சீண்டாமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் வேலையில் கெட்டிக்காரி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். விஜிதரன் சடங்கை விளக்கினார். ஏன் விற்கவேண்டி வந்தது என்று கேட்டபோது அவரால் முடியவில்லை. பிரசாந்தினிதான் சொன்னாள், ஐந்தாம் மாதத்தையும் அந்த நாலு நாளையும். ஃப்ராவ் கெர்பர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். இது விற்பனை இல்லை, அப்படியே பதிவேன் என்றார். விஜிதரன் மூச்சை விட்டார். நித்தியானந்தன் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். கதிரைகள் அசைந்தன. யாருக்காவது இன்னும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி வழமைக்குக் கேட்டார்.

எழும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த புதன்கிழமை முட்டை பொரித்திருக்கலாம். தில்லைநாயகி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்டு இருக்கு," என்றாள்.

ஆறு மணி நாடகத்தைச் சொன்னாள். பனி கொட்டிய நாளைச் சொன்னாள். மேலங்கியைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பிரசாந்தினியின் முகம் மாறிக்கொண்டு வந்தது. தில்லைநாயகி நிறுத்தவில்லை.

"கடதாசியிலை ஒண்டும் இல்லை. அது பகிடி. நான் வாயாலை சொன்னதுதான் பிழை. அந்தப் பிள்ளை என்ரை வீட்டிலை பயந்து இருந்திருக்கு. எனக்கு விளங்கேல்லை. பிள்ளை வளர்த்திருந்தால் விளங்கியிருக்குமோ தெரியாது."

கடைசி வசனத்தை மொழிபெயர்க்க முன் ஸ்ரீலேகா ஒரு கணம் தயங்கினாள். "நீங்க சொன்னதை அப்படியே சொல்றேன்மா," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுச் சொன்னாள்.

ஃப்ராவ் கெர்பர் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, வேறொரு கோப்பைத் திறந்தார். வேணுகாவோடு போன கிழமையே கதைத்துவிட்டதாகச் சொன்னார். பிள்ளை புதன்கிழமையைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்ததாம். முட்டைப் பொரியல், ரயில் எண்கள், அங்கிள் ரயிலோட்டிகளுக்குக் கை காட்டுவது எல்லாம் சொன்னதாம். இதைத் தவிட்டம்மாவுக்குச் சொல்லலாமா என்று ஒவ்வொன்றாகப் பிள்ளையிடம் கேட்டாராம். பயந்த விஷயங்களில் ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று அது சம்மதித்திருக்கிறது.

"சப்பாத்தின் முனையை அவள் ஏன் படிக்கட்டுப் பக்கம் வைக்கிறாள் என்று தெரியுமா?" என்று கேட்டார். "ஒருநாள் நீங்கள் உண்மையாகவே விடாவிட்டால், திருப்பிப் போட நேரம் போகாமல் அப்படியே காலை நுழைத்து ஓடலாமாம்."

ஸ்ரீலேகா சொல்லி முடிக்கத் தேவையிருக்கவில்லை. முப்பது வருஷத்து ஜெர்மன் தில்லைநாயகிக்கு இதற்குப் போதும். இத்தனை வருஷம் அவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட சப்பாத்து. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிரசாந்தினி எழும்பி மேசையைச் சுற்றிவந்து பக்கத்தில் நின்றாள்.

"நானும்தானே அன்ரி. எனக்கு வேண்டாம், வைச்சிருங்கோ எண்டு நானும்தானே சொன்னனான்."

அதிகாரி அவர்களை அழவிட்டார். பிறகு சொன்னார். யார் கெட்டவர் என்று கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. பிள்ளைக்கு எது பயம் தருகிறது, அதை நீங்களே எடுத்துவிடுவீர்களா என்று பார்ப்பதுதான் வேலை. எடுத்துவிட்டால் சட்டம் உங்கள் வாசலுக்குள் வராது. எப்படி எடுக்கப் போகிறீர்கள்?

தில்லைநாயகி கண்ணைத் துடைத்தாள். இரண்டு இரவாக யோசித்து வைத்திருந்தாள்.

"திருப்பி விக்கிறன்," என்றாள்.

கலியாணத்துக்கு முன்தானே அது வழக்கம் என்றார் விஜிதரன். திருப்பி எடுக்கப்பட மாட்டாது என்று காகிதத்தில் இருக்கிறதே என்றார் நித்தியானந்தன். இதை ஸ்ரீலேகா மொழிபெயர்த்தபோது முதன்முதலாக எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், ஃப்ராவ் கெர்பரும். தில்லைநாயகியும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒன்று கழன்று விழுந்தது. இரத்த உறவு இல்லை, சொந்தம் இல்லை. அந்த ஒரு கிலோ தவிட்டைத் தவிர வேணுகாவுக்கும் அவளுக்கும் நடுவில் வேறு என்ன இருந்தது? அதைத் திருப்பி வாங்கிவிட்டால் அவள் அந்தப் பிள்ளைக்கு யார்?

ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தினி வீட்டில் விளக்கேற்றினார்கள். விஜிதரன் இரண்டு பை கோதுமைத் தவிடு வாங்கி வைத்திருந்தார். நித்தியானந்தன் எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்த இரண்டாவது படிவத்தோடு வந்து, பேனாவைத் திறந்தார்.

"நான் எழுதுவன்," என்றாள் வேணுகா.

பேனாவை வாங்கினாள். படிவத்தைப் பார்த்தாள். அது காருக்கு என்று சொல்லிப் புரட்டிப்போட்டு, வெறும் பக்கத்தில் ஜெர்மனில் எழுதத் தொடங்கினாள். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்க, கால் மணித்தியாலம் எழுதினாள். பிறகு எழுந்து நின்று வாசித்தாள். ஒன்று, நான் எங்கள் வீட்டுப் பிள்ளை. இரண்டு, புதன்கிழமை தவிட்டம்மா வீட்டுக்குப் போவேன். மூன்று, விடமாட்டன் என்றும் வேண்டாம் என்றும் யாரும் சொல்லக்கூடாது, பகிடிக்கும் சொல்லக்கூடாது. நான்கு, ரயில் தாமதித்தால் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லவேண்டும்.

பெரியவர்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கையெழுத்து வைத்தார்கள். பிரசாந்தினி தவிட்டுப் பைகளைத் தில்லைநாயகியின் இரண்டு கையிலும் வைத்தாள். தில்லைநாயகி அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"இனி நான் தவிட்டம்மா இல்லையே, குஞ்சு. திருப்பி வித்திட்டனே."

வேணுகா அவளை விளங்காமல் பார்த்தாள். "முந்தி அம்மாட்டை இருந்தது. இப்பதானே தவிடு உங்களிட்டை இருக்கு," என்றாள். நித்தியானந்தன் கண்ணாடியைத் துடைக்க வெளியே போனார்.

புதன்கிழமை பன்னிரண்டே காலுக்கு மணி அடித்தது. முட்டை சட்டியில் இருந்தபடியால் தில்லைநாயகி கதவைத் திறந்துவிட்டு அடுப்புக்கு ஓடினாள். வேணுகா உள்ளே பாய்ந்துவந்து, பசிக்குது என்று கத்திக்கொண்டு, பையை நடு வழியில் போட்டுவிட்டு அங்கிளைத் தேடிப் போனாள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பள்ளிப் பையின் மேல்தான் நித்தியானந்தன் தடுக்கி விழப் பார்த்தார். அதுவரை யாரும் அதை எடுக்கவில்லை.

ஆறு மணிக்குப் பிரசாந்தினி மணியை அடித்தாள். தில்லைநாயகி கதவை முழுக்கத் திறந்தாள். வாரும், தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன் என்றாள். உள்ளேயிருந்து, இன்னும் ரெண்டு ரயில் பெட்டி கீறவேணும், அஞ்சு நிமிஷம் அம்மா என்று குரல் வந்தது.

பிரசாந்தினி வாசலில் குனிந்தாள். ஒரு சப்பாத்து கால்மிதியின் விளிம்பில் பக்கவாட்டில் கிடந்தது. மற்றது எதிர்வீட்டுக்காரரின் கதவடியில், அடிப்பக்கம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. பனிச் சேறு தரையெல்லாம். எதிர்வீட்டுக்காரர் ஒழுங்குக்குப் பேர்போனவர், நாளைக்குக் கட்டாயம் கேட்பார். பிரசாந்தினி இரண்டையும் எடுத்துச் சேர்த்துவைக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதையும்," என்றாள் தில்லைநாயகி. "அப்பிடியே கிடக்கட்டும்."